ஆம்பூரில் தேறிய தோல் ஹாம்பர்க்கில் ஏன் தோற்கிறது? – வெளிநாட்டு வேலை தேடிய மூத்த ஆய்வாளர் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வுக்கு உரியவர் ஒரு சுற்றுச்சூழல் வேதியியலாளர். வயது 45. ராணிப்பேட்டை முத்துக்கடை பக்கம் சொந்த வீடு. காட்பாடியை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் இணைப் பேராசிரியர். முனைவர் பட்டம் வாங்கியது 2009இல். மனைவி வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர், மகள் பத்தாம் வகுப்பு, அம்மா வாலாஜாவில் தனியாக இருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியும், இதே நிலையில் இருந்த வேறு சிலரின் அனுபவத்தைக் கலந்தும் எழுதியிருக்கிறேன்.

அவர் என்னிடம் வந்தபோது கேட்டது ஒரே கேள்வி: "சார், எந்த நாட்டுல சீனியர் சயின்டிஸ்ட் வேலைக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தராங்க?" ஸ்பான்சர்ஷிப் என்றால், வேலை தரும் நிறுவனமே விசாவுக்குப் பொறுப்பேற்பது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலிருந்தும் வருகிற ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்வியோடு தேடுகிறவரைக்கும் வேலை அகப்படாது என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு இவர் கதையே போதும்.

இரண்டு ஆண்டுகள் தேடிய விதம்

வேலைத் தளங்களில் 'ஸ்பான்சர்ஷிப்' என்று தட்டித் தேடியிருக்கிறார். வந்து விழுந்தவை முதியோர் இல்லப் பணி, மென்பொருள் வேலை, ஆய்வகத் தொழில்நுட்பர் பணி, நடுவே சில போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி. ஆய்வு என்ற சொல் இருக்கிறதே என்று போஸ்ட்டாக் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட்டார். முனைவர் பட்டம் முடித்துப் பதினாறு வருடம் ஆனவரை யாரும் போஸ்ட்டாக்காக எடுக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கான பணமும் எதிர்பார்ப்பும் புதிதாகப் பட்டம் வாங்கியவருக்கு அளந்து வைத்தவை. பெரும்பாலான விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. பதில் வந்தவையும் இயந்திரம் அனுப்பிய இரண்டு வரி.

பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வு நிறுவனங்களும் தங்கள் விளம்பரத்தில் ஸ்பான்சர்ஷிப் என்ற பேச்சையே பெரும்பாலும் எடுப்பதில்லை. அது அவர்களுக்குத் தினசரி அலுவலக வேலை. பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களின் முழுப் பட்டியலை உள்துறை அலுவலகமே வெளியிடுகிறது. பல்கலைக்கழகங்கள் அதில் இருக்கின்றன. நெதர்லாந்தின் குடியேற்றத் துறையும் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் பிரிட்டனைப் போன்ற ஸ்பான்சர் உரிமமே கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, வேலை விவரத்தை ஒரு படிவத்தில் நிறுவனம் நிரப்பிக் கொடுத்தால் ஆயிற்று. ஆக, 'ஸ்பான்சர்ஷிப்' என்று தேடுகிறவர் கண்ணில் ஜெர்மனியின் நல்ல ஆய்வு வேலைகள் படாமலே போய்விடும். அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் பெரும்பாலும் முகவர்கள்.

முகவரும் வந்தார். லண்டனில் ஏதோ ஓர் 'ஆராய்ச்சி மையம்', மூத்த விஞ்ஞானி பதவி, ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கு மட்டும் மூன்றரை லட்சம் முன்பணம். ஆஃபர் கடிதத்தில் முத்திரையெல்லாம் அழகாகத்தான் இருந்தது. பிரிட்டன் பட்டியலில் அந்த மையத்தின் பெயரைத் தேடினோம், இல்லை. இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். போதாதற்கு, 2024 டிசம்பர் 31 முதல் பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவுக்கான ஸ்பான்சர்ஷிப் சான்றின் கட்டணத்தை வேலைக்கு வருகிறவர் தலையில் கட்டுவதற்கே தடை. முகவரிடம் பதிவு எண் கேட்டதும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். பணம் தப்பியது.

கடிகாரம்

வெளிநாட்டு ஆய்வு நல்கைகள் (ஃபெல்லோஷிப்) பலவற்றுக்கும் பிறந்த தேதி பொருட்டில்லை, முனைவர் பட்டம் வாங்கிய தேதிதான் பொருட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி போஸ்ட்டாக் நல்கை பட்டம் பெற்று 8 ஆண்டுக்குள். ஜெர்மனியின் எம்மி நோதர் 4 ஆண்டுக்குள். ஹம்போல்ட் நல்கை, அனுபவம் உள்ளவர்களுக்கானதே 12 ஆண்டுக்குள். ஆஸ்திரேலியாவின் ஃபியூச்சர் ஃபெல்லோஷிப் 5 முதல் 15 ஆண்டுக்குள். மகப்பேறு, நீண்ட நோய் போன்றவற்றுக்குச் சலுகை உண்டு. இவருக்கு அப்படி எதுவும் இல்லை. 2025இல் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. எல்லாக் கதவும் சாத்தியாயிற்று.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. பட்டம் வாங்கியதும் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். ஆய்வு என்பது மாலை நான்கு மணிக்கு மேல், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் ஆய்வுக்குழுவுக்குக் கோப்பு தயாரித்தது போக மிச்சம் இருக்கிற நேரத்தில். "இப்ப கொஞ்சம் ஃப்ரீயாயிட்டேன், வெளிய போலாம்" என்று நினைக்கும்போது நாற்பதைத் தாண்டிவிடுகிறது. இது யாருடைய சோம்பலும் இல்லை, இங்கே வேலை அமைந்திருக்கும் விதம் அப்படி.

நல்கை வழி அடைபட்டவருக்கு மிஞ்சுவது நேரடிப் பதவிகள்: பேராசிரியர், குழுத் தலைவர், மூத்த விஞ்ஞானி, ஆய்வகப் பொறுப்பாளர். இவற்றுக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. "உங்களை எடுத்தால் எங்களுடைய எந்தச் சிக்கல் தீரும்" என்ற கேள்வி மட்டும் உண்டு.

சரக்கு இருந்தது, முன்வரிசையில் இல்லை

அவருடைய பயோடேட்டா பதினான்கு பக்கம். முதல் பக்கத்தில் பாஸ்போர்ட் படம், அப்பா பெயர், மதம், திருமண நிலை. அடுத்த மூன்று பக்கம் கலந்துகொண்ட கருத்தரங்குகள். ஒன்பதாவது பக்கத்தில், ஒரே வரியாக, 'தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாதல்' என்று ஒரு தொடர் ஆய்வு.

அந்த வரியைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பின்னணி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் நச்சு குறைவு. அதுவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறு இணைதிறனாக மாறினால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். நிலத்தடியில் மாங்கனீசு ஆக்சைடு இந்த மாற்றத்தைச் செய்யும். முடித்த தோலிலும் இது நடக்கும்: தோலை மிருதுவாக்கச் சேர்க்கும் நிறைவுறாக் கொழுப்பு எண்ணெய், வெப்பம், வறண்ட காற்று, வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல், சருமத்தில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் விற்க முடியாது. ஆம்பூர் ஆய்வகத்தில் தேறிய ஷூ மேல்தோல், கன்டெய்னரில் வாரக்கணக்கில் வெந்து ஹாம்பர்க் போய் இறங்கும்போது சோதனையில் தோற்றுவிட வாய்ப்பு இருக்கிறது. ஏன், எந்த எண்ணெயால், எவ்வளவு சூட்டில் என்பதுதான் இவருடைய பதினைந்து வருட வேலை.

வட ஆற்காட்டுக்காரருக்கு இது பாடப்புத்தகச் சங்கதி இல்லை. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கு அது. இவர் அப்போது பள்ளி மாணவர். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் இன்னும் லட்சக்கணக்கான டன் கழிவு குவிந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து அமிலமும் டைஃபீனைல்கார்பசைடும் விட்டால் கண்ணெதிரே ஊதா நிறமாகும். இவர் எம்எஸ்சி படிக்கும்போது முதலில் செய்த சோதனை அது, அதுவும் தெரு முனையிலிருந்த கிணற்றுத் தண்ணீரில்.

இப்படிப்பட்ட ஆள் 'வேதியியல் துறையில் எந்த வேலையாக இருந்தாலும் சரி' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

மாற்றி அமைத்தவை

பயோடேட்டா நான்கு பக்கமாகச் சுருங்கியது. படம், அப்பா பெயர், மதம் எல்லாம் போயின. முதல் ஐந்து வரிகளில் மேலே சொன்ன சிக்கலும் அதில் இவர் கண்டுபிடித்ததும். ஆய்வுத் திட்டத்தின் தலைப்பைத்தான் இந்தக் கட்டுரைக்கும் தலைப்பாக வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாக எழுதினோம்.

பெயர் பெரிய தலைவலியாக இருந்தது. ஓர் இனிஷியலும், தமிழ்நாட்டில் தெருவுக்கு இருவருக்கு இருக்கும் ஒரு பெயரும். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தளத்தில் அவருடைய கட்டுரைகளோடு ஏதோ ஊரில் இருக்கும் ஓர் இயற்பியலாளரின் கட்டுரைகள் கலந்திருந்தன, இவருடையவை சில வேறொருவர் கணக்கில் இருந்தன. பார்க்கிறவருக்கு இவர் இரண்டு துறைகளில் கால்வைத்து எதிலும் நிற்காதவர் போலத் தெரியும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஆர்கிட் எண் எடுத்து, கட்டுரைகளை ஒவ்வொன்றாக இணைத்து, ஸ்கோபஸுக்குத் திருத்தம் அனுப்பிச் சரியாக்கவே வாரங்கள் பிடித்தன. பாஸ்போர்ட்டில் வேறு குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகி வரும், பிறகு வங்கியிலும் அதே பெயரில்தான் கூப்பிடுவார்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, விண்ணப்பத்தை ஆரம்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மாற்றினார். இது முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை. ஒப்பந்தம் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் வந்தால் விசா அலுவலகத்தில் திண்டாட்டம்தான்.

பரிந்துரைக் கடிதம் அடுத்தது. அவருடைய வழிகாட்டி மனமுவந்து எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருந்தவை: நேர்மையானவர், கடின உழைப்பாளி, நன்னடத்தை உள்ளவர். நம் ஊரில் இது பாராட்டு. அங்கே தேர்வுக்குழு இதைப் படித்தால், ஆய்வைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை போலும் என்று எடுத்துக்கொள்ளும். ஐயாவிடம் போய், "நான் எந்தக் கட்டுரையில் எந்த முடிவைச் சொந்தமாக எடுத்தேன் என்று மட்டும் எழுதுங்க ஐயா" என்று கேட்கச் சொன்னேன். கேட்கத் தயங்கினார். கேட்டபின் வழிகாட்டி எழுதிய இரண்டாவது கடிதம் பிரமாதம்.

பிறகுதான் ஆட்களைத் தேடினோம். இந்தச் சிக்கல் யாருக்கு இருக்கிறதோ அவர்களை. தோலில் குரோமியம் அளக்கும் ஐஎஸ்ஓ 17075 முறையைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள், அதைப் பற்றி எழுதுகிறவர்கள். தோல் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர்கள் ஜெர்மனியில் ஃப்ரைபெர்க், இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன். மண், நீர் பக்கம் என்றால் லைப்ஸிக்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம். யூராக்ஸெஸ், ஜாப்ஸ்.ஏசி.யுகே தளங்களில் 'ஸ்பான்சர்ஷிப்' போய், 'குரோமியம்', 'உலோக வடிவப் பகுப்பாய்வு' வந்தன. எழுதிய கடிதங்களில் வேலை கேட்கவில்லை. "உங்கள் கட்டுரையில் 80 டிகிரியில் முதிர்வித்த மாதிரிகளைப் பார்த்தேன். எங்கள் பகுதித் தோலில் எண் வேறாக வருகிறது, தரவை அனுப்பட்டுமா?" அவ்வளவுதான். இதற்குப் பதில் வந்தது. ஒரு ஜெர்மன் ஆய்வகத்தோடு மாதிரிகள் பரிமாறி, ஒரு கட்டுரையும் சேர்ந்து எழுதினார்கள். அதே நிறுவனம் ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஒரு மூத்த விஞ்ஞானி பதவிக்கு விளம்பரம் செய்தபோது, இவரை விண்ணப்பிக்கச் சொல்லி அவர்களே மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

எந்த நாடு

அமெரிக்காவை வெகு சீக்கிரம் விலக்கினோம். பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி வேலை விசாவில் ஆண்டு உச்சவரம்பு கிடையாது என்பது பழைய ஆறுதல். 2025 செப்டம்பர் 21 முதல் நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய எச்1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்று அறிவித்தபின், ராணிப்பேட்டையிலிருந்து ஒருவரை எடுக்க எந்தத் துறைத் தலைவரும் முன்வருவார் என்று நினைப்பதற்கில்லை.

பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் இறுதிச் சுற்றுவரை கூப்பிட்டது. அந்த வேலை கிடைத்திருந்தால், 2020 பிப்ரவரியில் வந்த குளோபல் டேலன்ட் விசா பொருந்தியிருக்கும். தகுதியான மூத்த பதவியை முறையான நேர்காணல் வழியாகப் பெற்றவர்களுக்கு அதில் விரைவுப் பாதை உண்டு, வேலை மாறினாலும் விசா போகாது, மூன்றாண்டில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரணத் திறன் பணியாளர் விசா என்றால் இந்தியர்களுக்கு இவர் மாதிரித் துறைகளில் ஏடிஏஎஸ் என்ற பாதுகாப்பு அனுமதி தனியாக வாங்க வேண்டும். சுகாதாரக் கட்டணம்தான் கையைக் கடிக்கும்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. இவர் குடும்பத்துக்கு மூன்றாண்டுக்கு 8,538 பவுண்டு, அதுவும் முன்கூட்டியே. சில பல்கலைக்கழகங்கள் இதைத் திருப்பித் தருகின்றன, கேட்டால்தான் தருவார்கள். கடைசியில் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

ஜெர்மன் நேர்காணல் காணொளியில். இருபது நிமிட உரை, பிறகு கேள்விகள். "உங்களிடம் உயர்ந்த கருவி இல்லையே, அளவுகளை எப்படி நம்புவது?" என்று ஒருவர் கேட்டாராம். மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயிலேற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனதையும், வழியிலேயே குரோமியம் வடிவம் மாறிவிடும் என்பதால் கிணற்றடியிலேயே இரண்டு வடிவங்களையும் பிரித்தெடுத்ததையும், ரயில் தாமதமான நாளின் மாதிரிகளைத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டதையும் சொன்னார். குழுத் தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டாராம். இந்தக் கதையைச் சொல்லவா வேண்டாமா என்று முந்தின நாள் என்னிடம் கேட்டார், ஏழ்மையைக் காட்டிக்கொள்வது போலாகிவிடுமோ என்று. சொல்லுங்கள் என்றேன்.

வந்தது மூன்றாண்டு ஒப்பந்தம், இ14 ஊதியப் பிரிவு. இந்தியர்கள் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அரசு ஊதிய ஒப்பந்தத்தில் பிரிவு மாறாது, ஆனால் அதற்குள் ஆறு படிகள் உண்டு. முன் அனுபவத்தை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படி மாறும், மாதச் சம்பளத்தில் பல நூறு யூரோ வித்தியாசம் வரும். கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும், பின்னால் கேட்டுப் பயனில்லை. கல்லூரியின் அனுபவச் சான்றில் 'கற்பித்தல்' என்று மட்டும் இருந்தது. ஆய்வுத் திட்டங்கள், நிதி, வழிகாட்டிய மாணவர்கள் என்று விரிவாக இன்னொரு சான்று வாங்கி அனுப்பி மூன்றாம் படியில் சேர்ந்தார். உயர் தகுதி உள்ளவர்களுக்கான வேலை அனுமதியான புளூ கார்டுக்கு 2025இல் தேவைப்பட்ட ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. இவருடையது அதைத் தாண்டிவிட்டது.

காகிதங்கள்

விசாவைவிட இங்கே இருக்கிற காகிதங்கள்தான் பாடாய்ப் படுத்தின. அசல் சான்றிதழ்கள் கல்லூரி நிர்வாகத்தின் பீரோவில். வேலைக்குச் சேரும்போதே அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் தனியார் கல்லூரிகள் பலவற்றில் இருக்கிறது. பருவத்தின் நடுவில் விடுவிக்க முடியாது என்றார்கள், நோட்டீஸ் காலச் சம்பளம் கட்டச் சொன்னார்கள். கட்டினார். இப்படித் தேட நினைப்பவர்கள் ஆஃபர் வருவதற்கு வெகு முன்பே, வேறு ஏதாவது காரணம் சொல்லி அசலை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது கல்யாணச் சான்று. இவர்கள் திருமணம் 2008இல், கோயிலில். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 2009இல். அழைப்பிதழும் கோயில் ரசீதும் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போது பதிந்தார்கள். படித்த பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மனியின் அனாபின் பட்டியலில் ஏற்கப்பட்டதாக இருந்தது, அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணைத்தார். விண்ணப்பத்தை இணையத்திலேயே ஏற்றி, சரிபார்த்தபின் சென்னைக்கு ஒருமுறை நேரில். புளூ கார்டு பெறுகிறவரின் மனைவிக்கு ஜெர்மன் மொழிச் சான்று கேட்பதில்லை, போன உடனே எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு.

சட்டம் அனுமதிப்பது வேறு, செவிலியராக வேலை கிடைப்பது வேறு. மனைவி கேட்டது சரியான கேள்வி: "நீங்க போறது சரிங்க. இருபது வருஷ சர்வீஸை விட்டுட்டு நான் அங்க வந்து என்ன பண்றது?" பிரிட்டன் என்றால் ஆங்கிலத் தேர்வும் பதிவுத் தேர்வும் போதும், அவருக்கு அது எளிது. ஜெர்மனியில் செவிலியர் தகுதி அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் வேண்டும் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலைகள் ஏறும்), பாடத்திட்டத்தில் குறை இருந்தால் அறிவுத் தேர்வோ பயிற்சிக் காலமோ வேறு. இந்தக் கணக்கை நாடு தேர்ந்தெடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் கணவனின் ஆஃபர் வந்த பிறகுதான் இந்தப் பேச்சே எழுகிறது. இங்கேயும் அப்படித்தான் ஆயிற்று.

மகளின் பொதுத்தேர்வை முன்னிட்டு அவர் மட்டும் முதலில் போவது என்று முடிவு. மனைவி சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கிறார், வேலையை விடவில்லை. டியூட்டி முடிந்து இரவு எட்டு மணிக்கு இணைய வழியில் ஜெர்மன் வகுப்பு, இப்போது ஏ2 முடித்திருக்கிறார். அம்மா வாலாஜாவை விட்டு வர மாட்டேன் என்கிறார். தங்கை ஆற்காட்டில் இருப்பதால் அது சமாளிக்கக்கூடியது. ஏ1 ஜெர்மன் இருந்தால் 27 மாதத்திலும், பி1 இருந்தால் 21 மாதத்திலும் புளூ கார்டுக்காரர் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். ஒப்பந்தம் 36 மாதம் என்பதால் இவர் பி1க்குப் படிக்கிறார். ஒப்பந்தம் நீடிக்குமா என்பது அவர் அங்கே கொண்டுவரும் ஆய்வு நிதியைப் பொறுத்தது. முதல் நிதி விண்ணப்பத்தை வேலையில் சேர்ந்த வேகத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார், ஆம்பூரின் இரண்டு தோல் ஆலைகளை மாதிரி தரும் பங்காளிகளாகச் சேர்த்து.